சோறு வரும்வரை வாசலில்

இந்த ஊரில் என்னை யாரும் திட்டுவதில்லை. வந்த புதிதில் அது பெரிய சுகமாக இருந்தது. ஒரு நாள் சரியான சில்லறை இல்லாமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்; டிரைவர் சிரித்துக்கொண்டே, அடுத்த தடவை சேர்த்துப் போடு என்றார். கடையில் ஊறுகாய் பாட்டில் ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது. துடைப்பத்தோடு ஓடி வந்த பெண், கையில் கண்ணாடி கிழித்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இதில் பாதி செய்திருந்தால் கண்டக்டர் என் வம்சத்தையே இழுத்து நிறுத்தியிருப்பார். "தங்கமான ஜனங்கடி" என்று எஸ்தரிடம் சொன்னேன். எஸ்தர் என் மனைவி. ஆஸ்பத்திரி நர்ஸாக முதலில் இங்கே வந்து, ஒண்டியாகக் குளிரைத் தாங்கி, பிறகு என்னை வரவழைத்தவள். என்னைவிட இந்த ஊரை அறிந்தவள். "இருந்து பாருங்க, பொறவு சொல்லுங்க" என்றாள். இருந்து பார்த்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஒரு நெசவாலையில் வேலை கிடைத்தது. அமெரிக்காவின் தெற்குப் பக்கம் சின்ன நகரம் இது; ஊரில் பாதி வீடுகளில் அந்த ஆலைச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பழுதான தறியைச் சரிசெய்கிற வேலை. சங்கரன்கோவிலில் செல்லையா அண்ணாச்சியின் பவர்லூம் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தவன் நான். தறி எந்த நாட்டிலும் தறிதான். பாவு நூல் அறுந்தால் எங்கே அறுந்தது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். தங்கராஜ் என்ற என் பெயர் மட்டும் இவர்கள் வாயில் நுழையாமல் 'டாங்க்' ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய என்னிடம் கருவி இல்லை.

என் வரிசையில் ஏர்ல் என்று ஒருவன் வேலை பார்த்தான். இந்த மண்ணில் பிறந்தவன். அவன் அப்பாவும் அதே ஆலையில் தறி ஓட்டியவர். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். எஸ்தர் போட்ட எலுமிச்சை ஊறுகாயை ஒரு நாள் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய, பிரமாதம் என்றான். மறுநாளும் கேட்டான். வேற்று ஊரில் ஒருவன் நம் ஊறுகாயை இரண்டாம் முறை கேட்டால் அவனைச் சிநேகிதன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆர்டர் நெருக்கிய சமயம் ஒன்று வந்தது. தறியின் பெல்ட் சுழலும் இடத்தை ஒரு தகர மூடி மறைத்திருக்கும். பழுது பார்க்கும்போது அதைக் கழற்றி, முடிந்ததும் மாட்ட வேண்டும். நேரம் வீணாகிறது, மூடியைக் கழற்றியே வையுங்கள் என்று சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் நிறுத்திச் சொன்னார். கழற்றி வைத்தோம். அடுத்த சில நாட்களில் ஏர்லின் வலது கை பெல்ட்டில் சிக்கி, இரண்டு விரல்கள் போயின. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, விதியை மீறி அவனாகவே மூடியைக் கழற்றினான் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். அரசாங்க இன்ஸ்பெக்டர் ஒருவர் விசாரிக்க வந்தார். வரிசையில் எல்லோரும், நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது என்றார்கள். என்னைக் கேட்டார்; கேட்டதையும் பார்த்ததையும் சொன்னேன். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சுற்றி வளைத்துப் பேச எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது.

அதற்கு அடுத்த வாரம், வேலை முடிகிற நேரத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆட்களைச் சேர்ப்பது, விலக்குவது எல்லாம் பார்க்கிற மிஸஸ் பார்க்கர் என்ற அம்மாள் என்னை உட்காரச் சொல்லி, காபி வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தில் சூப்பர்வைசர். "உன்னை அனுப்பிவிட முடிவு செய்திருக்கிறோம், டாங்க்" என்றார் அந்த அம்மாள்.

"என்ன தப்பு செய்தேன்?"

"தப்பு என்று நாங்கள் எதுவும் சொல்லவில்லையே."

"அப்படியானால் என்ன காரணம்?"

"காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை" என்றார். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. பிறகு இரண்டு பேரும் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார்கள். உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும் என்றார்கள். என் சாமான்களைப் போட்டுக்கொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் கொடுத்தார்கள். இதற்கு இந்த நாட்டில் 'அட் வில்' என்று பெயர். இஷ்டப்படி என்று அர்த்தம். முதலாளி இஷ்டப்பட்டால் காரணம் சொல்லியோ சொல்லாமலோ ஆளை அனுப்பலாம். தொழிலாளியும் அப்படியே எழுந்து போகலாம். இரண்டு பேருக்கும் சம உரிமை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நான் எழுந்து போனால் ஆலைக்கு என்ன ஆகும், ஆலை அனுப்பினால் எனக்கு என்ன ஆகும் என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. அவர்கள் திட்டவே இல்லை. திட்டாமல் ஓர் ஆளை எப்படி வேலையை விட்டு நிறுத்த முடியும்?

செல்லையா அண்ணாச்சி என்னை நிறுத்தியது ஓர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரத்தில். எழுபதுகளில், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாத காலம். தபசுக்குள் சேலை கொடுத்தாக வேண்டும். பாவு அறுந்து அறுந்து, துணி முழுக்கக் கோடு விழுந்திருந்தது. நூல் மட்டம், கஞ்சியும் சரியாக ஏறவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த நூலை வாங்கிப் போட்டவரே அண்ணாச்சிதான். வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அதெல்லாம் அந்த நேரத்தில் எடுபடுமா? எல்லாத் தறியும் நின்று வேடிக்கை பார்க்க, ஷெட்டின் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே தங்கராசு, தறியப் பாக்கச் சொன்னா வாயப் பாத்துக்கிட்டு நிக்கியோ? நீயெல்லாம் ஒரு மேஸ்திரியாலே? வெளிய போ. நாளைக்கு இந்தப் படிய மிதிச்சே, காலு இருக்காது, பாத்துக்கோ."

எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இதற்கு ஒரு முறை உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. போகச் சொல்லப்பட்டவன் மறுநாள், ஷெட் திறக்கிறதுக்கு முன்பே வந்து வாசலில் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது, உட்காரக் கூடாது. முக்கியமாக, கையில் தூக்குச்சட்டி இருக்கக் கூடாது. மதியச் சோற்றோடு வந்தால், வேலை உண்டு என்று நீயே முடிவு செய்துவிட்டாய் என்று அர்த்தமாகிவிடும். முதலாளி வருவார், அங்கே ஆள் நிற்பதே தெரியாதது போல உள்ளே போவார். அப்போது, "தப்புதான் அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். யார் தப்பு என்பது அங்கே பேச்சே இல்லை. அவர் பதில் சொல்ல மாட்டார். வெயில் ஏறும். மதியம் அண்ணாச்சி வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு வரும்போது, கூடவே வாசலில் நிற்கிறவனுக்கும் ஒரு சட்டியில் சோறு வரும். சோறு வந்துவிட்டால் வேலை வந்துவிட்டது.

எனக்கும் வந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. உள்ளேயிருந்து அண்ணாச்சி, "ஏலே, தின்னுட்டு அந்த ஓரத்துத் தறியப் பாரு, காலையிலேருந்து மொனங்கிக்கிட்டுக் கெடக்கு" என்றார். அவ்வளவுதான். தபசு முடிந்ததும் வேறு இடத்தில் நூல் எடுக்க ஆரம்பித்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பு யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் தப்பை நான் தலையில் போட்டுக்கொண்டேன், அவர் எனக்குச் சோறு போட்டார்.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஷெட்டிலேயே முருகையா என்று ஒருவர் இருந்தார். அவரை இதே மாதிரி போகச் சொன்னபோது, "செய்யாத தப்புக்கு நான் எதுக்குவே வாசல்ல நிக்கணும்? சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்று கேட்டுவிட்டு, திருநெல்வேலிக்கு பஸ் ஏறி லேபர் ஆபீசில் மனு கொடுத்தார். நாங்கள் எல்லாம் அவரை வீம்புக்காரர் என்றோம். கேஸ் வருஷக்கணக்கில் இழுத்து, அவர் பக்கம்தான் தீர்ப்பு ஆயிற்று. அதற்குள் அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை போட்டு, திரும்பி வர மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார். அவரைக் கண்டால் நாங்கள் சிரிப்போம். ஊரில் சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. நாங்கள்தான் அதன் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்று பழகிவிட்டோம்.

அந்தப் பழக்கம்தான் என்னை இங்கே கெடுத்தது. அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, காலையில் ஆலைக்குப் போகப் போகிறேன் என்று எஸ்தரிடம் சொன்னேன்.

"எதுக்கு?"

"நிக்கத்தான்."

அவளுக்குப் புரிந்தது. அவளும் நம்மூர்ப் பிள்ளைதானே. "கூறு இருக்கா உங்களுக்கு? இங்கன அப்படியெல்லாம் நிக்க முடியாது. வெளிய போன்னு சொன்னா போயிரணும். நின்னா போலீசக் கூப்புடுவான்" என்றாள். பிறகு, "இன்ஸ்பெக்டர்ட்ட நீங்க சொன்னதுக்குத்தான் இது. அதுல என்ன தப்பு இருக்கு, போயி மன்னிப்புக் கேக்கதுக்கு?" என்றாள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அறிவுக்கு அது புரிந்தது. ஆனால் விடிந்ததும் என் கால் ஆலைப் பக்கம்தான் போயிற்று. சமையல் மேடையில் எடுத்துவைத்திருந்த மதியச் சாப்பாட்டு டப்பாவை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனேன்.

ஆலை கேட்டுக்குப் பக்கத்தில், ஆபீஸ் கதவு தெரிகிற இடத்தில் நின்றேன். சாயவில்லை. காவல்காரர் என்னைத் தெரிந்தவர்தான். எதையாவது மறந்து வைத்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். யாருக்காவது காத்திருக்கிறாயா என்றார். ஆமாம் என்றேன். மிஸஸ் பார்க்கரும் சூப்பர்வைசரும் சேர்ந்தாற்போல் வந்தார்கள். நான் முன்னால் போய், தெரிந்த இங்கிலீஷில், தப்பு என்னுடையதுதான், எல்லாம் என் தப்புதான், தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். அந்த அம்மாள் நின்றுவிட்டார். அண்ணாச்சியைப் போல் காணாதது மாதிரி போகவில்லை. எந்தத் தப்பைச் சொல்கிறாய் என்று கேட்டார். எல்லாம்தான் என்றேன். அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சந்தோஷமாகச் சிரித்தார். மனம் இளகுகிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

வெயில் ஏறியது. மதியச் சங்கு ஊதிய பிறகு காவல்காரர் ஒரு காகிதப் பையோடு வந்தார். "மிஸஸ் பார்க்கர் கொடுக்கச் சொன்னார். காலையிலிருந்து நிற்கிறாயே" என்றார். உள்ளே ஒரு சாண்ட்விச்சும் ஆப்பிளும் இருந்தன.

என்னத்தைச் சொல்ல? என் கண் கலங்கிவிட்டது. நின்றபடியே முழுவதையும் தின்றேன். குழாயில் கை கழுவி, துண்டு இல்லாததால் பேண்டில் துடைத்துக்கொண்டு, நேரே உள்ளே போய், என் வரிசையில் முனகிக்கொண்டிருந்த தறி ஒன்றை நிறுத்தி அதன் மேல் கையை வைத்தேன். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. சூப்பர்வைசர் வந்தார், காவல்காரர் வந்தார், போலீஸ் கார் வந்தது. அந்தப் போலீஸ்காரரும் திட்டவில்லை. கார்க் கதவைத் திறந்துவிட்டு, தலை இடித்துவிடாமல் ஏறச் சொன்னார்.

எச்சரித்து அன்றே விட்டுவிட்டார்கள். ஏர்லின் மனைவிதான் என்னையும் ஏர்லையும் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனாள். வயதானவர், நிதானமாகப் பேசினார். இந்த மாநிலத்தில் காரணமில்லாமல் ஆளை நீக்கலாம், அது சட்டப்படி சரிதான். ஆனால் அரசாங்க இன்ஸ்பெக்டரிடம் உண்மை சொன்னதற்காக ஒருவனை நீக்கினால் அதைச் சும்மா விடக் கூடாது என்று சில நீதிமன்றங்கள் இப்போதுதான் சொல்லத் தொடங்கியிருக்கின்றன, அந்த ஒரு சின்னச் சந்து வழியாக உன்னை உள்ளே கொண்டுபோகப் பார்க்கிறேன் என்றார். நீ நிமிர்ந்து நின்றால், மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்பது தெரிந்து ஏர்லும் நிமிர்வான் என்றார். ஏர்ல் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அவனுக்கு இருந்த ஒரே சாட்சி நான்.

ஆலைக்காரர்களின் பதில் வந்த அன்று வக்கீல் என்னை மட்டும் கூப்பிட்டார். டாங்க் என்ற ஆள், நீக்கப்பட்ட மறுநாளே தானாக வந்து, இரண்டு பேர் முன்னால், தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான்; பிறகு அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்து ஓடும் தறியை நிறுத்தினான் என்று சொல்லியிருந்தார்கள். இப்படிச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன்.

"என்ன தப்பு செய்தாய்?"

"ஒன்றும் செய்யவில்லை."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னாய்?"

அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னேன். வாசலில் நிற்பதைச் சொன்னேன். தூக்குச்சட்டி இல்லாமல் போவதை, சோறு வருவதை, சாண்ட்விச்சைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே அது ஒரு பைத்தியக்காரக் கதை போலக் கேட்டது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "நான் உன்னை நம்புகிறேன். ஆனால் தீர்ப்புச் சொல்ல ஜூரியில் வந்து உட்காரப் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். இங்கே தப்பு செய்தவன்தான் மன்னிப்புக் கேட்பான்" என்றார். என் கேஸ் அத்தோடு படுத்துவிட்டது. தன் பேச்சைத் தானே மறுத்த சாட்சியை வைத்துக்கொண்டு ஏர்லின் கேஸும் எழுந்திருக்கவில்லை. மூடியைக் கழற்றியவன் ஏர்ல் என்பதே நிலைத்துவிட்டது.

ஏர்லைப் பார்க்கப் போனேன். வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் இருக்கிற ஊரோடு போகிறோம் என்று அவன் மனைவி சொன்னாள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னால்தான் எல்லாம் கெட்டது என்றேன். ஏர்ல் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். "விடு டாங்க். உனக்குத் தெரியாது" என்று சொல்லி இடது கையை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவன் அசிங்கமாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் மறுநாள் காலையில் அவன் வாசலில் போய் நின்றிருப்பேன். எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இதுதான். வேலை போனது கூட இரண்டாம்பட்சம். பிறகு எனக்கு ஆஸ்பத்திரியில் மெஷின் பராமரிக்கிற வேலை கிடைத்தது. இரண்டு விரல் இல்லாத தறிக்காரனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

இங்கே புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். செய்யாத தப்புக்கு இங்கே மன்னிப்புக் கேட்காதீர்கள். நம் ஊரில் அது பணிவு, இங்கே அது வாக்குமூலம். சாண்ட்விச் கொடுத்தால் நன்றி சொல்லித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மிஸஸ் பார்க்கர் அன்று அதை இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார் என்று இப்போதும் நம்புகிறேன். இந்த நாட்டில் இரக்கத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் கிடையாது, அவ்வளவுதான்.

போன வருஷம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ரயில் காலையிலேயே சங்கரன்கோவிலில் இறக்கிவிட்டது. பெட்டியைத் தங்கை வீட்டில் போட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் ஒன்றும் சாப்பிடாமல் ஷெட்டுக்கு நடந்தேன். கதவு திறக்கவில்லை. பழைய இடத்தில் நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால், ஏர்லுக்காக என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமாவது தப்புதான் என்று சொல்லி, அது செல்லுபடியாக வேண்டும் போல இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவன், "யாரு வேணும் சார்?" என்று கேட்டான்.

அண்ணாச்சி தளர்ந்திருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "வாங்க தம்பி, வாங்க. எப்ப வந்தீங்க? அமெரிக்காவுல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். வாங்க என்றார். என்னைப் பார்த்து, செல்லையா அண்ணாச்சி. அதோடு விடாமல், வெளிநாட்டுக்காரர்களுக்கு இப்படித்தான் மரியாதை செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது போல, கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் குலுக்கினேன். உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கலர் சோடா வாங்கி வர ஆள் போயிற்று.

தறிகள் ஓட ஆரம்பித்தன. ஓரத்துத் தறி பழையபடி முனகியது. எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஐயோ, நீங்க இருங்க தம்பி" என்று அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கையெல்லாம் எண்ணெ ஆயிரும். மேஸ்திரி இப்ப வந்துருவான்."

உட்கார்ந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏலே என்று கூப்பிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஆனது. வீட்டிலிருந்து அவருக்கு மட்டும் தூக்குச்சட்டி வந்தது. உங்களுக்கு நம்ம காரம் ஒத்துக்காது என்று சொல்லி, எனக்கு ஹோட்டலிலிருந்து ரொட்டி வாங்கி வரச் சொன்னார்.